தேத்தாங்கொட்டையும் ஆறாம் வேற்றுமையும்: லத்தீன் படிச்சா நமக்கு என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி வெளியிடுகிறோம்.)

கள்ளக்குறிச்சியிலிருந்து தாவரவியல் படிக்கிற ஒரு மாணவி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கல்வராயன் மலைக்கு ஃபீல்டு டிரிப் போனாங்களாம். மரத்துக்கு மரம் நின்னு லத்தீன் பெயரை நோட்டுல எழுதிக்கிட்டாங்களாம். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன், ஒண்ணுக்குக்கூட அர்த்தம் தெரியல. இந்த லத்தீனை யாராவது பல்கலைக்கழக அளவுல உட்கார்ந்து படிக்கிறாங்களா? படிச்சா என்னதான் படிப்பாங்க? நமக்கு அதுல ஏதாவது இருக்கா?" இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இருக்கு. நினைக்கிறதைவிட நிறைய இருக்கு. நம்ம மொழியைப் பத்தியும் நம்ம மண்ணைப் பத்தியும் லத்தீன்ல எழுதி வெச்ச விஷயங்கள் ஏராளம். அதை மூலத்துல படிக்கத் தெரிஞ்சவங்கதான் நம்ம பக்கம் ரொம்பக் குறைவு. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

அந்த மலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டு. கள்ளக்குறிச்சி, சேலம் பக்கமா விரிஞ்சு கிடக்கு. கோமுகி ஆறு அங்கேருந்துதான் இறங்குது. வறண்ட இலையுதிர் காடு, கடுக்காய் மரம், சந்தனம், நெல்லி, புளி. இந்த மாதிரிக் காடுகள்ல வளர்ற ஒரு மரம் தேத்தா மரம். அதோட கொட்டையைத்தான் தேத்தாங்கொட்டைன்னு சொல்றோம். கலங்கின தண்ணி இருக்கிற பானையோட உள்பக்கத்துல அந்தக் கொட்டையை உரசி விட்டா, கொஞ்ச நேரத்துல அழுக்கு அடியில படிஞ்சு தண்ணி தெளிஞ்சிடும். ஆர்ஓ மெஷின் வர்றதுக்கு முன்னாடி பல வீடுகள்ல இதுதான் வாட்டர் ஃபில்டர். சங்க இலக்கியத்துலயே, கலித்தொகையில, இது உவமையா வருது.

இந்த மரத்தோட லத்தீன் பெயர் ஸ்ட்ரிக்னோஸ் போட்டாட்டோரும். பொட்டேட்டோ இல்லை, உருளைக்கிழங்குக்கும் இதுக்கும் ஒட்டு உறவு கிடையாது. 'போட்டாட்டோர்' அப்படின்னா லத்தீன்ல குடிப்பவர். 'போட்டாட்டோரும்' அப்படின்னா குடிப்பவர்களின், குடிப்பவர்களுடைய. அதாவது தண்ணி குடிக்கிறவங்களுக்கான மரம். கடைசியில வர்ற 'உம்' என்கிற அந்த விகுதி ஒண்ணே ஒண்ணு, பன்மையையும் ஆறாம் வேற்றுமையையும் சேர்த்துச் சொல்லிடுது.

பெயர் வெச்சவர் லின்னேயஸோட மகன், 18ஆம் நூற்றாண்டோட கடைசியில. அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. கொட்டையை உரசித் தண்ணி தெளிய வெக்கிற விஷயத்தை அவரா கண்டுபிடிச்சிருக்க முடியாது, இல்லையா? இந்த நாட்டுல யாரோ பானையில உரசிக் காட்டியிருக்காங்க, அதை யாரோ எழுதி அனுப்பியிருக்காங்க. காட்டினவங்க பெயர் எங்கயும் இல்லை. ஆனா அவங்க அறிவு ஒரு லத்தீன் வேற்றுமை உருபுக்குள்ள உட்கார்ந்திருக்கு. மனப்பாடம் பண்றவங்களுக்கு அது வெறும் எழுத்து. இலக்கணம் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு கதை.

மத்த மரங்களையும் ஒரு எட்டு பார்த்துடலாம். சந்தனம் சாண்டலும் ஆல்பும். 'ஆல்பும்' அப்படின்னா வெள்ளை. நம்ம கல்யாண ஆல்பமும் அதே சொல்தான்; ரோம்ல அறிவிப்பு எழுதுற வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். கடுக்காய் டெர்மினாலியா. 'டெர்மினுஸ்' முடிவு, எல்லை. பஸ் டெர்மினஸ் நினைவுக்கு வந்தா சரிதான். கிளையோட நுனியில இலைகள் கூடி நிக்கிறதால அந்தப் பெயர். புளி டமாரிண்டுஸ் இண்டிகா. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 'உஸ்' விகுதி வந்தா பெரும்பாலும் ஆண்பால். அப்போ கூட வர்ற பெயரடையும் 'இண்டிகுஸ்'னு தானே இருக்கணும்? ஏன் 'இண்டிகா'? ஏன்னா லத்தீன்ல மரம்னாலே பொதுவா பெண்பால். சொல் ஆண் வேஷத்துல இருந்தாலும் மரம் மரம்தான். அரசமரம் ஃபிக்குஸ் ரெலிஜியோஸா ஆனதும் இதனாலதான். மனுஷங்களை மட்டும் உயர்திணைன்னு வெச்சு ஆண்பால் பெண்பால் பிரிச்சு, மத்ததையெல்லாம் அஃறிணையில போட்ட நமக்கு இது கொஞ்சம் அநியாயமாத் தெரியும். பழகிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் முசுமுசுக்கை. சளிக்கு அடை தட்டிச் சாப்பிடுவோமே, அந்தக் கொடிதான். 1753ல லின்னேயஸ் அதுக்கு வெச்ச பெயர் குக்குமிஸ் மதராஸ்பட்டானுஸ். மதராசபட்டினத்தை அப்படியே லத்தீன் பெயரடையா மாத்திட்டாரு! பின்னாடி 19ஆம் நூற்றாண்டுல அதை முக்கியா என்கிற வேற பேரினத்துக்கு மாத்தினாங்க. அது பெண்பால், அதனால நம்ம மதராஸும் 'மதராஸ்பட்டானா' ஆச்சு. இப்போ சமீபத்துல திரும்பவும் குக்குமிஸுக்கே கொண்டு வந்துட்டாங்க, மதராஸ் மறுபடியும் ஆண்பால். செடி மாறல. மெட்ராஸும் மாறல. இலக்கணம் மட்டும் போய்ட்டு வந்திருக்கு.

இந்தப் பெயர்களோட லத்தீன் முடிஞ்சு போறதில்லை. 1935லிருந்து 2011 முடியுற வரைக்கும், உலகத்துல எங்க ஒரு புதுச் செடி கண்டுபிடிச்சாலும், அதைப் பத்தி ஒரு பத்தியாவது லத்தீன்ல எழுதினாத்தான் அந்தப் பெயர் செல்லும். அதுதான் விதி. 2012 ஜனவரி 1லிருந்துதான் ஆங்கிலத்துலயும் எழுதலாம்னு விட்டாங்க. அதனால அந்தக் காலத்துல இந்தியாவுல புது இனம் விவரிச்ச ஒவ்வொரு தாவரவியலாளரும் ஏதோ ஒரு அளவுக்கு லத்தீன் எழுதியாகணும். வில்லியம் ஸ்டேர்ன் 1966ல இதுக்குன்னே ஒரு பாடப்புத்தகம் போட்டாரு. கல்வராயன் உட்பட இந்தப் பகுதியோட காடுகளை முழுசா அலசின பெரிய வேலை 'ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்', 1980களோட தொடக்கத்துல வந்தது. அதைச் செஞ்சவர் கே. எம். மேத்யூ; திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவின இயேசு சபைத் துறவி. உலர்த்தி ஒட்டின செடி மாதிரிகளோட அந்த ஹெர்பேரியம் இன்னும் அங்க இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். செடி லத்தீன் ஒரு குட்டி லத்தீன். வினைச்சொல்லே அனேகமா வராது. இலை இப்படி, காம்பு இப்படி, பூ இப்படின்னு பெயரும் பெயரடையும் மட்டும் அடுக்கிட்டே போகும். இதை மூணு மாசத்துல பழகிடலாம். பல்கலைக்கழகத்துல உயர்நிலை லத்தீன்னு சொல்றது வேற உலகம். அங்க போறதுக்கு ஒரு சின்ன வார்த்தை பாலமா இருக்கு: 'வுல்காரிஸ்'.

நம்ம வீட்டு பீன்ஸ், பொரியல் பண்றோமே, அது ஃபாசியோலுஸ் வுல்காரிஸ். வல்கர் பீன்ஸ் இல்லைங்க! 'வுல்குஸ்' அப்படின்னா பொதுமக்கள், கூட்டம். 'வுல்காரிஸ்' அப்படின்னா பொதுவழக்கில் இருக்கிறது, சாதாரண மக்களுடையது. ஆங்கிலத்துல அது காலப்போக்குல ஆபாசம்ங்கிற பொருளுக்கு இறங்கிடுச்சு. லத்தீன்ல அப்படி இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கள்ளக்குறிச்சிக்குத் தென்கிழக்கே, விருத்தாசலம் வட்டாரத்துல கோணான்குப்பம்னு ஒரு ஊர். பெரியநாயகி மாதா கோயில் இருக்கு. அதைக் கட்டினவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நமக்கெல்லாம் வீரமாமுனிவர். இத்தாலியில 1680ல பிறந்து, 1711வாக்குல தமிழ்நாட்டுக்கு வந்தவர். தேம்பாவணி எழுதினவர், சதுரகராதி தொகுத்தவர், ஏ, ஓ நெடில்களுக்கு இன்னைக்கு நாம எழுதுற வடிவத்தைக் கொடுத்தவர், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஸ்கூல்ல ஒரு வரியில கடந்து போற விஷயம், அவர் லத்தீன்ல எழுதினது.

1728ல அவர் ஒரு தமிழ் இலக்கணத்தை லத்தீன்ல எழுதி முடிச்சாரு. 1738ல தரங்கம்பாடியில அச்சாச்சு. தரங்கம்பாடி அச்சகம் யாருடையது? டேனிஷ் மிஷன் லுத்தரன்களுடையது. பெஸ்கி கத்தோலிக்கர். ரெண்டு தரப்பும் தமிழ்லயே மாத்தி மாத்தி மறுப்பு நூல் எழுதிச் சண்டை போட்டுட்டு இருந்த காலம். அப்பவும் அவர் இலக்கணத்தை அவங்க அச்சடிச்சாங்க. புத்தகம் அவ்வளவு தேவையா இருந்திருக்கு.

அந்தப் புத்தகம் எதோட இலக்கணம்? தொல்காப்பியமோ நன்னூலோ சொல்ற செந்தமிழ் இல்லை. ஜனங்க பேசுற தமிழ். தலைப்பிலேயே சொல்லிடறாரு: தமிழோட 'வுல்காரிஸ்' வழக்கு, கொடுந்தமிழ் எனப்படுவது. நம்ம இலக்கண மரபுல பேச்சுத்தமிழுக்குன்னு ஒருத்தர் உட்கார்ந்து இலக்கணம் எழுதுற வழக்கம் இல்லை. அது தேவைப்பட்டது வெளியூர்லேருந்து வந்தவங்களுக்குத்தான். அதனால 300 வருஷத்துக்கு முன்னாடி நம்ம பாட்டனும் பூட்டியும் எப்படிப் பேசினாங்கங்கிறதுக்கு முக்கியமான சாட்சிகள் போர்த்துகீசியத்துலயும் லத்தீன்லயும் கிடக்கு. பெஸ்கிக்கு முன்னாடியே, 1716ல, சீகன்பால்கு எழுதின 'கிராமாட்டிகா டமூலிகா' ஜெர்மனியோட ஹாலே நகரத்துல அச்சாச்சு. அதுவும் லத்தீன். அது முழுசா ஆங்கிலத்துக்கு வந்தது எப்போ தெரியுமா? டேனியல் ஜெயராஜ் மொழிபெயர்ப்புல, 2010ல. கிட்டத்தட்ட 300 வருஷம்.

"சரி, பெஸ்கியோட இலக்கணம் 19ஆம் நூற்றாண்டுலயே ஆங்கிலத்துல வந்துடுச்சே, அப்புறம் லத்தீன் எதுக்கு?" நியாயமான கேள்வி. இங்கதான் பீன்ஸ் வருது. 'வுல்காரிஸ்'ஐ நீங்க 'கொச்சை'ன்னு மொழிபெயர்த்தா, பெஸ்கி நம்ம பேச்சை இழிவா நினைச்சாருன்னு ஆகும். 'பொதுவழக்கு'ன்னு மொழிபெயர்த்தா, இது எல்லாரும் புழங்குற மொழின்னு ஆகும். இன்னொண்ணு, கொடுந்தமிழ்ங்கிற சொல். நம்ம உரையாசிரியர்கள் அதைச் செந்தமிழ் நிலத்தைச் சுத்தியிருந்த 12 நிலங்களோட வழக்குக்குச் சொன்னாங்க. பெஸ்கி அதையே மொத்தப் பேச்சுத்தமிழுக்கும் பெயரா வெச்சுட்டாரு. ஒரு தமிழ்ச் சொல்லோட அர்த்தம் லத்தீன் வாக்கியத்துக்குள்ள போய் வளைஞ்சு வெளிய வருது. இதைப் பிடிக்கணும்னா ரெண்டு மொழியும் தெரிஞ்ச கண்ணு வேணும்.

இன்னும் மோசமான நிலைமை வரலாற்றுப் பக்கம். மதுரை மிஷன் பாதிரிமார்கள் வருஷா வருஷம் ரோமுக்குக் கடிதம் எழுதினாங்க. நாயக்கர் காலத்துப் போர், பஞ்சம், கொள்ளைநோய், வரி, சாதிச் சண்டை எல்லாம் அதுல இருக்கு. செஞ்சி, திருச்சி, மதுரை அரசியலுக்கு அது பெரிய ஆதாரம். அந்தக் கடிதங்கள் போர்த்துகீசியம், லத்தீன், இத்தாலியன்னு பல மொழிகள்ல இருந்தது. 19ஆம் நூற்றாண்டு நடுவுல பெர்ட்ராண்ட் என்கிற பாதிரியார் பலதையும் பிரெஞ்சுல வெளியிட்டாரு. 1924ல மதுரை நாயக்கர் வரலாறு எழுதின ஆர். சத்தியநாத ஐயர் அங்கிருந்து ஆங்கிலத்துல கொண்டு வந்தாரு. நாம தமிழ்ல படிக்கிறது பெரும்பாலும் அந்த ஆங்கிலத்திலிருந்து. அதாவது நம்ம ஊர் பஞ்சத்தை நாம நாலாவது கையில வாங்கிப் படிக்கிறோம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஏதோ ஒண்ணு சிந்தும். என்ன சிந்துச்சுன்னு மூலத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் தெரியும். கொடைக்கானல் பக்கத்துல செண்பகனூர்ல இயேசு சபையோட ஆவணக் காப்பகம் இருக்கு, ரோம்ல இன்னொண்ணு இருக்கு. காகிதம் இருக்கு. படிக்கிறவங்கதான் வேணும்.

ஒரு காலத்துல அந்த ஆட்கள் இங்கேயே இருந்தாங்க. 1960கள் வரைக்கும் கத்தோலிக்கக் குருமடங்கள்ல லத்தீன் வெறும் ஒரு பாடம் இல்லை. தத்துவமும் இறையியலும் அந்த மொழியிலதான் நடந்தது. 1962லேருந்து 65 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் வழிபாடு தாய்மொழிக்கு வந்துச்சு. ஜனங்களுக்கு அது நல்லது, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா பக்கவிளைவா, லத்தீனைச் சரளமாப் படிச்ச தமிழ்நாட்டு ஆட்கள் உருவாகுறது குறைஞ்சுபோச்சு. அப்போ இளைஞரா இருந்தவங்களுக்கு இப்போ 80 வயசு தாண்டியாச்சு. பொதுவா நம்ம கலைக் கல்லூரிகள்ல லத்தீன் கிடைக்கிற பாடமும் இல்லை. இந்த இடைவெளியை யார் நிரப்பப் போறாங்க?

உள்ள என்னதான் படிப்பாங்க?

இப்போ மாணவியோட நடுக் கேள்விக்கு வரேன். முதல் வருஷம் எல்லா மொழியும் போலத்தான்: சொல் வடிவம், வினைத்திரிபு, சின்னச் சின்ன வாக்கியம். இதுல ஒரு தமிழருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கு. 'பாத்தெர் ஃபீலியும் அமாத்'. சொல்லுக்குச் சொல் வெச்சுப் பாருங்க: தந்தை, மகனை, நேசிக்கிறார். அதே வரிசை, வினை கடைசியில. 'மகனை'யில இருக்கிற 'ஐ' வேலையை 'ஃபீலியும்' கடைசியில இருக்கிற 'உம்' செய்யுது. 'வந்தேன்'னு சொன்னாப் போதும், 'நான்' வேண்டாம், லத்தீன்லயும் அப்படித்தான்.

வேற்றுமை நமக்கு எட்டு, அவங்களுக்கு ஆறு. குறைவுன்னு சந்தோஷப்படாதீங்க. நம்ம 'ஆல்', 'இருந்து', 'இல்' மூணும் தனித்தனி வேற்றுமை. லத்தீன்ல அப்லாட்டிவ்னு ஒரே வேற்றுமை இந்த மூணு வேலையும் பார்க்கும். கத்தியாலா, கத்தியிலிருந்தா, கத்தியிலா? சூழலைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். தமிழுக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்த பெஸ்கிக்கும் சீகன்பால்குக்கும் இதே தலைவலி தலைகீழா வந்திருக்கும்: எட்டை எப்படி ஆறுக்குள்ள அடக்குறது?

இங்கிலீஷ்காரங்க ரொம்பத் திணறுற ஒரு அமைப்பு இருக்கு. 'உர்பே காப்டா'. நேரா எழுதினா 'நகரம் பிடிக்கப்பட்ட நிலையில்'. அவங்க பாடப்புத்தகத்துல இதுக்குப் பக்கம் பக்கமா விளக்கம். நாம? 'மழை பெய்ய, ஆறு பெருகியது.' 'நகரம் பிடிபட, படை திரும்பியது.' முடிஞ்சது. நாலாம் வகுப்புப் பையன்கூட தினம் பேசுற வாக்கியம் அது.

இரண்டாம் மூன்றாம் வருஷம்தான் உண்மையான உயர்நிலை. அங்க நாலஞ்சு விஷயம் ஒண்ணா நடக்கும். முன்னாடி பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, அகராதி இல்லாம மொழிபெயர்க்கச் சொல்வாங்க. திருப்பி, ஆங்கிலப் பத்தி ஒண்ணைக் கொடுத்து சிசரோ நடையில லத்தீன்ல எழுதச் சொல்வாங்க. செத்த மொழியில எதுக்கு எழுதணும்னு தோணும். ஆனா ஒரு தடவை எழுதிப் பார்த்தவங்களுக்குத்தான், ஒரு ஆசிரியர் ஏன் இந்தச் சொல்லை விட்டு அந்தச் சொல்லை எடுத்தாருன்னு புரியும். வெண்பா எழுதிப் பார்த்தவங்களுக்குக் குறள் வேற மாதிரி தெரியுமே, அது மாதிரி.

கவிதைக்கு வந்தா, வர்ஜில், ஹொராஸ். பெயரடை ஒரு வரியில இருக்கும், அது தழுவுற பெயர்ச்சொல் அடுத்த வரியில இருக்கும். புதுசா படிக்கிறவங்க மிரண்டுபோவாங்க. நமக்கு நன்னூல் இதுக்குப் பெயரே வெச்சுக் கொடுத்திருக்கு: பொருள்கோள். எட்டு வகை, அதுல கொண்டுகூட்டு ஒண்ணு. செய்யுள்ல சிதறிக் கிடக்கிற சொற்களை எங்க எங்க கூட்டணுமோ அங்க கூட்டிப் பொருள் எடுக்கிறது. சங்கப் பாட்டுக்கு உரை படிச்ச ஒரு தமிழ் எம்.ஏ. மாணவர் இந்தப் பயிற்சியோடயே லத்தீன் வகுப்புக்குள்ள போறாரு. யாப்பும் அப்படித்தான்: அங்கேயும் குறில் நெடில் கணக்கு, ஒரு நெடிலுக்கு ரெண்டு குறில் சமம். அசை பிரிக்கிற விதி வேற; ஆனா காதால எண்ணுற பழக்கம் ஒண்ணுதான்.

அப்புறம் பாடபேதம். வர்ஜிலோட கைப்பட எழுதின பிரதி எதுவும் இல்லை. பிரதியைப் பார்த்துப் பிரதி, அதைப் பார்த்து இன்னொரு பிரதி. ரெண்டு சுவடியில ரெண்டு விதமா இருந்தா எது மூலம்? அவங்க வெச்சிருக்கிற ஒரு பழைய விதி: கஷ்டமான பாடத்துக்கு முன்னுரிமை கொடு. ஏன்னா எழுதுறவன் புரியாத சொல்லை எளிமையாக்குவானே தவிர, எளிமையானதைப் புரியாததா மாத்த மாட்டான். 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்ச உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு என்ன பண்ணாரோ, அதே வேலை. விதியை இயந்திரம் மாதிரிப் போட்டாத் தப்பாகும்னு ரெண்டு பக்கமும் தெரியும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிடறேன். ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி சுமார் கி.பி. 200 வரைக்கும்தான் சொல் எடுக்குது. மியூனிக்ல 1894ல தொடங்கின பேரகராதி 600 வரை போகுது, இன்னும் முடியல. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924லேருந்து 36க்குள்ள ஆறு தொகுதியும் வந்துடுச்சுன்னு இந்த இடத்துல கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம். விஷயம் என்னன்னா, பெஸ்கி எழுதினது 18ஆம் நூற்றாண்டு லத்தீன். நியோ-லத்தீன்னு தனித்துறையே இருக்கு. பாளையக்காரரையும் பனையோலையையும் சிசரோவோட சொற்களை வெச்சு எழுதும்போது சொற்கள் புது அர்த்தம் எடுக்கும். அதை அகராதி சொல்லாது. தமிழ்நாடு தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும்.

எங்க, எவ்வளவு, எதுக்கு?

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டுலயும் பள்ளியில லத்தீன் படிக்காதவங்க அடிப்படையிலிருந்து தொடங்குற வழி இருக்கு. ஆனா வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெரிய தொகை, கண்ணை மூடிக்கிட்டுப் பரிந்துரைக்க மாட்டேன். ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேருந்து வர்றவங்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குறாங்க. இளங்கலை அளவுல ஜெர்மன் மொழி தேவைப்படும், அங்க தங்குற செலவும் இருக்கு. அதுக்கு ஒரு லாபமும் உண்டு: ஹாலேயில ஃபிராங்கே அறநிலையத்துல தரங்கம்பாடி மிஷன் ஆவணங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கு. ஜெர்மனும் லத்தீனும் தமிழும் தெரிஞ்ச ஒருத்தருக்கு அங்க வேலை காத்துக்கிட்டிருக்கு. சம்பளம் தர்ற வேலையான்னு கேட்டா, அதை என்னால உறுதியாச் சொல்ல முடியாது. கிளாசிக்ஸ் படிச்சவங்களுக்கு உலகம் முழுக்க ஆசிரியர் இடம் குறைவு. ஐ.டி. வேலையை விட்டுட்டு லத்தீன் படிங்கன்னு நான் யாரையும் சொல்லல.

என் கருத்து இதுதான்: லத்தீன் மட்டும் படிச்ச தமிழர், வர்ஜிலைப் பத்தி எழுதுற ஆயிரம் பேர்ல ஆயிரத்தோராவது ஆள். தமிழ் எம்.ஏ.வோ, வரலாறோ, தாவரவியலோ கையில வெச்சுக்கிட்டு, பக்கத்துல லத்தீனைச் சேர்த்துக்கிட்டவர் அபூர்வமான ஆள். இந்த மாணவியையே எடுத்துக்கலாம். பழைய தாவர விவரிப்புகளையும் பெஸ்கியையும் ஒரே மேசையில வெச்சுப் படிக்கக்கூடிய நிலைக்கு அவங்களால வர முடியும். அதுக்குக் கடல் தாண்டணும்னு அவசியமும் இல்லை. டென்மார்க்காரர் ஓர்பெர்க் எழுதின ஒரு பாடநூல் வரிசை முதல் பக்கத்திலிருந்தே முழுக்க லத்தீன்லயே கத்துக்கொடுக்கும். பெர்சியஸ்னு இலவச இணைய நூலகம் இருக்கு. சொல்லைத் தொட்டா அதோட வேற்றுமையும் பொருளும் வரும்.

பயிற்சிக்குப் படிக்க என்ன எடுக்கலாம்? எல்லாரும் சீசரோட போர்க்குறிப்பைச் சொல்வாங்க. நான் வேற ஒண்ணு சொல்றேன். பெஸ்கி 1730ல திருக்குறளோட அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன்ல மொழிபெயர்த்தாரு. இன்பத்துப்பாலை விட்டுட்டாரு, காரணம் நீங்களே யூகிச்சுக்கலாம். கார்ல் கிரவுல் என்கிற ஜெர்மானியர் அதை விடல. 1865ல, அவர் இறந்த அடுத்த வருஷம், லைப்சிக்ல வெளியான அவர் பதிப்புல குறள் மூலம் இருக்கு, எளிய தமிழ் உரை இருக்கு, லத்தீன் மொழிபெயர்ப்பு இருக்கு, குறிப்பும் சொல்லடைவும் இருக்கு. பதிப்புரிமையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. தமிழ் கத்துக்க வந்த ஐரோப்பியருக்காகச் செஞ்ச புத்தகம் அது. நாம அதைத் திருப்பிப் பிடிக்கலாம். குறள் நமக்குத் தெரியும், அதனால பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை; லத்தீன் அதை எப்படிச் சொல்லுதுன்னு மட்டும் பார்த்தாப் போதும். மூணாம் பால்ல தொடங்கினாலும் தப்பில்லை, ஆர்வம் நிக்கும்.